டயப்பர் பையும், தைக்கத் தைக்கச் சுருங்கிய துணியும்

தங்கைக்கு டயப்பர் பை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு ஆறு வாரம் ஆகிறது. அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "அக்கா, ஒரு கையில் குழந்தை இருக்கும். மற்றக் கையால் மட்டுமே திறந்து மூட வேண்டும்." ஜிப்பை இழுக்க ஒரு கை, பையைப் பிடிக்க ஒரு கை என்று இரண்டும் தேவைப்படும். எனவே ஜிப் வேண்டாம், காந்தப் பொத்தான் போதும் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

பை 15 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 5 அங்குல ஆழம். அடி மூலைகளை முக்கோணமாக விரித்து, குறுக்கே 5 அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டால்தான் பை சாயாமல் நிற்கும். அதற்குப் போகும் துணியையும் தையலுக்கு விடும் அரை அங்குலத்தையும் சேர்த்தால், முன்பக்கத்துக்கு 21க்கு 15½ அங்குலம் வேண்டும். மீந்த பருத்தித் துணிகளைத் துவைத்து, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, 3½ அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். கால் அங்குலத் தையல் போட்டால் ஒவ்வொன்றும் 3 அங்குலமாக நிற்கும். வரிசைக்கு 7, மொத்தம் 5 வரிசை. நான்கு ஓரத்திலும் தைக்காமல் மிஞ்சும் கால் அங்குலத்தையும் சேர்த்தால் 21½க்கு 15½. கணக்கில் குறையே இல்லை.

ஒட்டுத்துணி வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வரிசைகளைச் சேர்ப்பதுதான். முதல் வரிசையின் தையல் ஓரங்களை இடப்பக்கமாகவும் அடுத்த வரிசையின் ஓரங்களை வலப்பக்கமாகவும் படியவைத்து இஸ்திரி போட வேண்டும். பிறகு இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து விரலால் மெல்ல நகர்த்தினால், ஓரிடத்தில் இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சேரும்.

சேர்த்த துணிக்கு அடியில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் மெல்லிய பருத்தி. பாலியஸ்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பை அடிக்கடி தண்ணீரில் விழும், சீக்கிரம் காய வேண்டும். ஆனால் அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பஞ்சு உருகித் தட்டையாகிவிடும். அதனால் இஸ்திரி வேலையை எல்லாம் முன்பே முடித்துவிட வேண்டும். மூன்று அடுக்கையும் ஊக்குகளால் பிணைத்து, தையல் நீளத்தை 3½ மில்லிமீட்டருக்கு மாற்றி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அங்குலத்துக்கு ஒரு கோடாகச் சாய்வாகத் தைத்தேன். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து குவிந்துவிடும்.

முடித்துவிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அகலம் 20¾, உயரம் 15. மேசைமேல் நன்றாக நீவி விட்டு மறுபடி அளந்தேன். அதே 15தான். சதுரங்களை மறுபடி எண்ணினேன். எல்லாம் சரியாகவே இருந்தன. துணியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒவ்வொரு கோட்டிலும் தையல் துணியைப் பஞ்சுக்குள் இழுத்திருந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே துணி மேடாக எழுந்து இறங்கியிருந்தது. அந்த ஏற்ற இறக்கத்துக்கான துணி நீளத்திலிருந்தும் அகலத்திலிருந்தும்தானே வர வேண்டும்? பஞ்சு தடிமனாக ஆக, கோடுகள் நெருங்க நெருங்க, சுருக்கம் கூடும்.

இப்படி நடுவில் பஞ்சு வைத்து அடுக்காகக் குவில்ட் தைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி இதுதான்: பெரிதாகத் தையுங்கள், பிறகு அளவுக்கு வெட்டுங்கள். அடுத்த துண்டுக்கு நான்கு பக்கமும் 1½ அங்குலப் பட்டை சேர்த்துத் தைத்து, கோடுகள் போட்டு முடித்த பிறகு 21க்கு 15½ என்று வெட்டினேன். பின்பக்கத்துக்கும் அப்படியே.

உள்பையை எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். பால் புட்டியை டேப்பால் சுற்றி அளந்தபோது 9 அங்குலம் வந்தது. தட்டையாக 4 அங்குல அகலத்தில் ஒரு பை வைத்தால் புட்டி உள்ளே போகாது. அடியில் மடிப்பு வைத்து, மேலே எலாஸ்டிக் கோத்து, துணியை ஒன்றரை மடங்கு விட்ட பிறகே புட்டி நேராக உட்கார்ந்தது.

தோள் வாரில்தான் மிஷின் திணறியது. 6 அங்குலப் பட்டையை நான்காக மடித்தால் 1½ அங்குல வார். அது பையின் வாயோடு சேரும் இடத்தில் அடுக்குகள் கூடி, துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதம் அண்ணாந்து நின்றது, தையல் தவறியது. 16ஆம் நம்பர் ஊசிக்கு மாறி, பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் அதே கனத்துக்கு மடித்த துணியை வைத்துச் சமப்படுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தேன். ஒவ்வொரு முனையிலும் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறேன். முழுப் பாரமும் அந்த இரண்டு சதுரங்களில்தான் தொங்கப்போகிறது.

அளவு குறைந்த முதல் துண்டு வீணாகவில்லை. கீழே வெற்றுத் துணி சேர்த்து நீளமாக்கி, அடியில் தண்ணீர் புகாத பூச்சுத் துணி வைத்து, டயப்பர் மாற்றும் விரிப்பாக்கினேன். பூச்சுத் துணியில் குண்டூசி குத்திய ஓட்டை மறையாது, அந்த வழியாகவே ஈரம் கசியும். துணி உலர்த்தும் கிளிப்புகளால் ஓரங்களைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கையில் இருப்பது 36 அங்குலச் சதுர விரிப்பு. நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் என 9 அங்குலக் கட்டங்கள் 16. இது தரையில் விரித்து விளையாட மட்டும்தான். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் மெத்தென்ற விரிப்போ போர்வையோ கிடக்கக் கூடாது, மூச்சு முட்டும் அபாயம் உண்டு. தங்கையிடம் இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன். வாயில் போகும் என்பதால் பொத்தான், ரிப்பன் எதுவும் வைக்கவில்லை. ஓரப் பட்டையை இன்னும் வெட்டவில்லை. கோடுகள் போட்ட பிறகு விரிப்பு எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துவிட்டே வெட்டுவேன்.

நேற்று தங்கை பையை நிரப்பிப் பார்த்தாள். எட்டு டயப்பர், மாற்றுத் துணி, இரண்டு புட்டி, விரிப்பு. தலையணை ஒன்றைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் திறந்தாள். பொத்தான் விட்டது. மூடும்போது வாய் கோணி, பொத்தான் சேர மறுத்தது. வாயின் இரு பக்கமும் உள்ளே ஒரு கெட்டித் துணிப்பட்டை வைத்தால் நேராக நிற்கும் என்று நினைக்கிறேன். மேல் ஓரத் தையலை நாளைக்குப் பிரிக்கிறேன்.