தாழங்குடா பட்டறையில் ஒரு கேமரா ஹெல்மெட்

ஜூன் 17

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. மாமாவின் ஃபைபர் பட்டறையில் இரண்டு மாதமாகக் குவிந்திருந்த ரிப்பேர் வேலை எல்லாம் தீர்ந்து இப்போதுதான் தரையே கண்ணில் படுகிறது. நான் விடுமுறைக்குக் கடலூர் வந்ததும் இந்த நேரம் பார்த்துத்தான். பழைய ஹெல்மெட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்ட வேண்டும்.

என் வேலை என்ன என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். வெளிநாட்டில், பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பவர்களை நான் கூடவே குதித்துப் படம் எடுக்கிறேன். ஏறக்குறைய 13,000 அடியில் கதவைத் தாண்டினால் பாராசூட் விரிவதற்குள் ஒரு நிமிடம் போலக் கிடைக்கும். வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டு கையும் பறப்பதற்கே வேண்டும், அதனால் கேமரா தலைக்குப் போய்விடுகிறது.

எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எனக்கு முதல் கேள்வி வேறு. பாராசூட் விரியும்போது கயிறுகள் தலைக்குப் பக்கத்தில்தான் போகின்றன. உடம்பு கொஞ்சம் திரும்பியிருந்தாலும் அவை ஹெல்மெட்டை உரசும். அங்கே பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

மாமாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "வலையை இழுக்கும்போது படகு விளிம்புல ஒரு ஆணி தலை தூக்கி இருந்தா போதும் மாப்ள, மொத்த வலையும் அதுலதான் போய் மாட்டும்" என்றார். இந்த ஹெல்மெட்டுக்கு அதுதான் முழுக் கணக்கும்.

ஜூன் 19

ஹெல்மெட்டின் வெளி ஓடு நானே வார்க்கப் போவதில்லை. பட்டறையில் எல்லா வசதியும் இருக்கிறது, மாமாவும் செய்யலாம் என்றுதான் சொல்கிறார். ஆனால் அடி தாங்குவது என்பது வேறு சங்கதி. ஸ்கைடைவிங் ஹெல்மெட்டுக்கென்றே பிரான்சில் எக்ஸ்பி எஸ் 72-600 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பாராகிளைடிங் போன்றவற்றுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 966. சோதனைக்கூடத்தில் உடைத்துப் பார்க்காத ஓட்டைத் தலையில் மாட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் உச்சி தட்டையாக, கேமரா வைப்பதற்கென்றே செய்த ஓடு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். அதன் மேல் கேமராவைச் சுற்றி வரும் மூடி மட்டும் இங்கே செய்வது.

எடையையும் இன்றே பார்த்துவிட்டோம். கேமரா 450 கிராம், 10-18 லென்ஸ் 240 கிராம். பக்கத்தில் வீடியோவுக்குச் சின்ன கேமரா ஒன்று, 150 கிராம் சொச்சம். ஆக 840. பாராசூட் சாதாரணமாக விரியும்போதே மூன்று நான்கு மடங்கு புவியீர்ப்பு விசை வரும். அந்த நொடியில் ஓட்டின் எடை போக இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோ வரை கழுத்தில் உட்காரும். முரட்டுத்தனமாக விரிந்தால் கேட்கவே வேண்டாம். 1960, 70-களில் கார்ல் போனிஷ் போன்றவர்கள் 16 மி.மீ. சினிமா கேமராவையே தலையில் கட்டிக்கொண்டு குதித்திருக்கிறார்கள். அந்தக் கழுத்துகளை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தலைக்கு நேர் மேலே, முடிந்தவரை தாழ்வாக இருக்க வேண்டும். முன்னால் தள்ளி வைத்தால் விரியும்போது முகவாய் நெஞ்சில் போய் இடிக்கும். ஸ்டில் கேமரா உச்சியில், வீடியோ இடப்பக்கம் என்று முடிவாகிவிட்டது.

ஜூன் 22

இன்று அச்சு வேலை. உண்மையான கேமராவைப் பட்டறைத் தூசியில் வைக்க முடியாது, அதே அளவுக்கு மரக்கட்டை ஒன்று இழைத்து வாங்கினோம். எல்லாப் பக்கமும் 3 மி.மீ. கூடுதல். கட்டையை ஓட்டின் உச்சியில் வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எண்ணெய்க் களிமண்ணால் நிரப்பி, கட்டைவிரலால் இழுத்து இழுத்துச் சரிவு கொடுத்தேன். பின்பக்கம் சரிவு நீளமாக வேண்டும், கயிறு அங்கேதான் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு மூலையைக் கூர்மையாக விட்டிருந்தேன், கேமரா பட்டன் பக்கம் இடம் வேண்டுமே என்று. மாமா பார்த்ததும் பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து அந்த மூலையில் வைத்தார். நாணயத்தின் வளைவு அப்படியே படிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கண்ணாடி இழை மேட் கூர் மூலையில் மடங்காது, தூக்கிக்கொள்ளும், அடியில் காற்று நிற்கும், பிறகு அந்த இடம்தான் முதலில் உடையும். படகின் அணியத்திலிருந்து என்ஜின் பலகை வரை அவர் எந்த மூலையையும் உருட்டாமல் விட்டதில்லை.

எனக்கு இதில் மனம் நிறைந்துவிட்டது. இழை படிவதற்கு அவர் கேட்கும் வளைவும், கயிறு வழுக்குவதற்கு எனக்கு வேண்டிய வளைவும் ஒன்றேதான். எல்லா மூலைக்கும் நாணயம் வைத்துப் பார்த்தோம். பட்டனுக்கு உள்ளே இடம் தேடிக்கொள்ளலாம்.

ஜூன் 23

மதியம் வரை கரண்ட் இல்லை. களிமண் வெயிலில் இளகாமல் இருக்க ஈரச் சாக்கைக் கட்டி நிழலில் வைத்ததோடு சரி.

ஜூன் 25

மேட் போட்டாயிற்று. ஓட்டில் ரெசின் (இழையில் ஊறி இறுகும் பசை) படக்கூடிய இடமெல்லாம் பிரவுன் டேப், களிமண்ணுக்கு மேல் மெழுகு. சதுர மீட்டருக்கு 300 கிராம் (300 ஜி.எஸ்.எம்.) மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தார் மாமா. பிய்த்த ஓரம் இழை இழையாக நிற்பதால் அடுத்த துண்டோடு கலந்து மேடு தட்டாமல் படிந்துவிடுகிறது. மூன்று அடுக்கு போதும். பிரஷால் தேய்க்கவே கூடாது, குத்திக் குத்தி எடுக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற ஒவ்வொரு இடமும் காற்று.

இந்த வெயிலில் ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். வழக்கமாக 2 சதவீதம் வரை போகும், இன்று 1 சதவீதத்தை ஒட்டியே விட்டோம், அதுவே வேகமாக இறுகியது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அதன் பிறகுதான் ஹார்ட்னர். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பட்டறைத் தம்பிகளிடம் மாமா குரல் உயர்த்திப் பேசுவது இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான்.

மூடியை ஓட்டில் ஒட்டுவதற்கும் இதே ரெசின் ஆகாதா என்று ஒரு தம்பி கேட்டான். மாமா ஒரு துண்டு தெர்மகோலில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினார். புகைச்சல் இல்லை, சத்தம் இல்லை, தெர்மகோல் அப்படியே கரைந்து உள்ளே போய்விட்டது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் செய்கிற வேலை அது. பல ஹெல்மெட்டுகளின் உள்ளே அடி தாங்குவதே தெர்மகோல் வகை நுரைதான். ரெசின் ஒரு துளையில் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே தலைக்குக் காவல் போயிருக்கும். ஒட்டுவதற்கு ஸ்டைரீன் இல்லாத எபாக்ஸி மட்டும்.

ஜூன் 28

பட்டி பூசி, 120, 220, 400 என்று உப்புத்தாள் தேய்த்து, மூடியை ஒட்டியாயிற்று. தேய்க்கும்போது முகக்கவசம், முழுக்கை சட்டை. கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் இரவு தூக்கம் போய்விடும்.

இன்றைய முக்கிய வேலை கழற்றும் அமைப்பு. தாடைக் கிண்ணத்தின் இரு பக்க வாரும் ஒரு மஞ்சள் கேபிளில் முடிகின்றன. வலப்பக்கம் ஒரு சிவப்புப் பிடி. இழுத்தால் கேபிள் வெளியே வரும், வார் விடும், ஹெல்மெட் தலையை விட்டுப் போகும். முதன்மைப் பாராசூட் கோளாறானால் அதை வெட்டிவிட, அதாவது உடம்பிலிருந்து கழற்றிவிட, பில் பூத் கண்டுபிடித்த மூன்று வளைய அமைப்பிலும் இதே மாதிரி கேபிள்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கயிறு ஹெல்மெட்டில் மாட்டியிருக்கும்போது கோளாறான பாராசூட்டை வெட்டிவிட்டால் அதன் இழுவை மொத்தமும் கழுத்துக்கு வந்துவிடும். முதலில் போக வேண்டியது ஹெல்மெட். எத்தனை ஆயிரம் ரூபாய் கேமரா அதில் இருந்தாலும் சரி.

சோதித்தோம். நான் ஹெல்மெட்டை மாட்டி நின்றேன். மாமா தூண்டிலுக்குப் போடும் பின்னல் கயிற்றில் ஒரு மடிப்புப் போட்டு, மூடியின் ஒவ்வொரு ஓரத்திலும் வைத்து, மேல், பின், பக்கம் என்று எல்லாத் திசையிலும் இழுத்தார். பின் சரிவில் வழுக்கியது. லென்ஸ் வாயைச் சுற்றிலும் வழுக்கியது. வீடியோ கேமராவின் அடியில், அதன் தாங்கிக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய சந்தில் டக்கென்று மாட்டியது. ஒரு காகித அட்டை நுழையும் இடம்தான், பாராசூட் கயிறும் அவ்வளவு மெலிதுதான். எபாக்ஸிப் பட்டி வைத்து அடைத்துவிட்டு மறுபடி இழுத்தோம், போயிற்று.

அப்புறம் வேண்டுமென்றே கயிற்றைக் கட்டிவிட்டு அவர் பின்னாலிருந்து இழுக்க, நான் பிடியைத் தேட வேண்டும். வலக்கையால், இடக்கையால், கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு. ஹெல்மெட் விழுவதற்குக் கீழே மணல் மூட்டை. கை யோசிக்காமல் பிடிக்குப் போகும் வரை செய்தோம்.

ஜூலை 1

பல் சுவிட்ச். சின்ன பட்டன் சுவிட்ச் ஒன்றை வெப்பத்தில் சுருங்கும் குழாயில் போட்டு, சிலிக்கான் பூசி எச்சில் போகாமல் அடைத்தேன். கடித்தால் படம். கேமராவின் ரிமோட் துளை 2.5 மி.மீ. ஸ்டீரியோ. அடிப்பகுதி எர்த், நடு வளையம் ஃபோகஸ், நுனி ஷட்டர். ஃபோகஸை நான் கையால் வைத்து டேப் ஒட்டிவிடுவேன், அதனால் நுனியும் எர்த்தும் சேர்ந்தால் போதும். வயர் முழுக்க ஓட்டுக்கு உள்ளேயே. வெளியில் ஒரு வளைவு கூட இல்லை.

காதுப் பக்கத்துப் பையில் உயரம் சொல்லும் பீப் கருவி. அதை நுரைக்கு அடியில் அமுக்கி வைத்தால் காற்று இரைச்சலில் கேட்காது, காது மடலை ஒட்டியே இருக்கட்டும்.

ஜூலை 3

குறி வைக்கும் நாள். வலக்கண் முன்னால் வளையக் குறி. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தூரத்தில் மிதப்பது போலத் தெரியும், நடு வளையத்தில் எது இருக்கிறதோ அது படத்தின் நடுவில் இருக்க வேண்டும்.

நின்றுகொண்டு இதைச் சரிசெய்வதில் பயனில்லை. விழும்போது வயிறு கீழே, முதுகு வளைந்து, தலை நிமிர்ந்திருக்கும். கழுத்து அந்த நிலையில் இருக்கும்போது ஹெல்மெட் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். பட்டறை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் குப்புறப் படுத்து, கையை விரித்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைக் குறியில் வைத்துக் கடித்தேன். தம்பி படத்தைப் பார்த்துச் சொல்ல, அடித்தட்டுக்குக் கீழே மெல்லிய தகடு வைத்து முன்பக்கத்தைத் தாழ்த்தினோம். மறுபடி படுத்து, மறுபடி கடித்து.

லென்ஸ் என் கண்ணைவிட 15 செ.மீ. மேலே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நான் படம் எடுப்பவர்கள் 3 மீட்டரில் இருப்பார்கள், அங்கே கிட்டத்தட்ட 3 டிகிரி வித்தியாசம் வரும். அதனால் கடைசியில் 3 மீட்டரில் ஒரு தம்பியை உட்காரவைத்து அவன் நெற்றிக்குச் சரிசெய்தேன். தூரத்துக்குக் கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, அகன்ற லென்ஸ் தாங்கிக்கொள்ளும்.

ஜூலை 5

பெங்களூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உரிமம் வாங்கி இப்போதுதான் குதிக்க ஆரம்பித்திருக்கிறார், சின்ன கேமராதானே, ஹெல்மெட்டில் எப்படி ஒட்டலாம் என்று.

ஒட்ட வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அமெரிக்க பாராசூட் சங்கம் குறைந்தது 200 ஜம்ப் ஆகட்டும் என்று பரிந்துரைப்பது கேமராவின் எடையைப் பார்த்து அல்ல. கேமரா கவனத்தைக் கேட்கும். ஆன் ஆனதா, விளக்கு எரிகிறதா, எதிரில் இருப்பவர் குறிக்குள் இருக்கிறாரா என்று மனம் போய்க்கொண்டே இருக்கும். 1988 ஏப்ரலில் வட கரோலினாவில் நூற்றுக்கணக்கான ஜம்ப் செய்த ஒருவர் படம் எடுக்கக் குதித்தார், முதுகில் பாராசூட் இல்லாமலே. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து விமானத்தில் என் கை முதலில் என் பிடிகளைத் தொட்டுப் பார்க்கும், முதன்மை, வெட்டும் பிடி, ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட்டின் பிடி. அதன் பிறகுதான் கேமரா ஸ்விட்ச்.

அந்தத் தம்பிக்கு இதையும் எழுதினேன்: 200 வரும் வரை நன்றாகப் பறக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வந்ததும் இங்கே வாருங்கள், நானும் மாமாவும் சேர்ந்து கட்டித் தருகிறோம்.

ஜூலை 7

பெட்டி கட்டுகிறேன். ஹெல்மெட்டுக்குள் துண்டு வைத்து, கேமராவைத் தனியாக எடுத்து, பேட்டரி எல்லாம் கைப்பையில்.

முதல் ஜம்ப் தனியாக, கேமரா இல்லாமல், மூடிக்குள் அதே எடைக்கு மரக்கட்டை வைத்து. வழக்கத்தைவிட உயரத்திலேயே பாராசூட்டைத் திறப்பேன். அடுத்தது கேமராவோடு, ஆனால் யாரையும் படம் எடுக்காமல். கழுத்து எப்படி இருக்கிறது, வார் நழுவுகிறதா என்று பார்த்துவிட்டு, தாடைக் கிண்ணத்துக்கு இன்னொரு பஞ்சு வேண்டுமா என்று மாமாவுக்கு போனில் சொல்ல வேண்டும். வெட்டி வைத்த பஞ்சு மீதி அவரிடம்தான் இருக்கிறது.