தமிழில்தான் பேசப்போகிறேன்: ஓர் ஆளுமைத் தேர்வின் நாட்குறிப்பு

டிசம்பர் 14, தூத்துக்குடி

குடிமைப்பணி முதன்மைத் தேர்வு முடிவில் என் எண் இருக்கிறது. இனி தில்லியில் ஆளுமைத் தேர்வு, அதாவது நேர்முகம்.

எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275. மொத்தம் 2025. எழுத்தில் நான் எவ்வளவு வாங்கியிருக்கிறேன் என்பது எனக்கும் தெரியாது, கேள்வி கேட்கப்போகிற குழுவுக்கும் தெரியாது. அந்த அறைக்குள் நுழையும்போது எல்லாருக்கும் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான். இது எனக்குப் பெரிய தெம்பு.

மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை. அம்மா வீட்டில்தான் இருந்தாள். "அங்க என்னத்தக் கேப்பாவ?" என்றாள். "நம்மளப் பத்தித்தான்மா கேப்பாவ" என்றேன். உண்மையும் அதுதான். விரிவான விண்ணப்பத்தில் நாம் எழுதிக்கொடுத்த ஊர், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். நான் எழுதியது: தூத்துக்குடி, வேதியியல், பறவை பார்த்தல், விருப்பப்பாடம் தமிழ் இலக்கியம்.

டிசம்பர் 22, சென்னை

ஒரு பயிற்சி மையத்தில் மாதிரி நேர்முகம். உட்கார்ந்ததும் சொன்ன முதல் அறிவுரை: "தமிழ்ல பேசினா மதிப்பெண் குறையும்மா, இங்கிலீஷுக்கு மாறிடு." ஏன் குறையும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

தேர்வைத் தமிழில் எழுதியவள் நேர்முகத்தையும் தமிழில் தரலாம் என்று விதியே இடம் தருகிறது. மொழிபெயர்ப்பாளரைத் தேர்வு நடத்தும் மத்தியத் தேர்வாணையமே அமர்த்தும். 1984-லேயே ஆர். பாலகிருஷ்ணன் தமிழில் எழுதி இந்திய ஆட்சிப்பணிக்குப் போனவர். இத்தனை வருடம் கழித்தும் பிள்ளைகளை இப்படிப் பயமுறுத்துவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஆங்கிலம் எனக்குப் புரியும், எழுதவும் வரும். ஆனால் யோசித்துக்கொண்டே பேச வேண்டிய அரைமணி நேரத்தில் என் முழு மனசும் கூட வருவது தமிழில்தான்.

ஜனவரி 3

இன்று பயிற்சியில் ஒரு பெரிய விஷயம் பிடிபட்டது. வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தாள். நான் நம் வழக்கப்படி, காரணங்களையெல்லாம் அடுக்கி, கடைசியில் முடிவைச் சொல்லும் நீளமான வாக்கியமாகப் பேசினேன். அக்கா பேனாவை வைத்துவிட்டாள். "நீ வினைச்சொல்லுக்கு வர்ற வரைக்கும் நான் வாயே திறக்க முடியல. ஆதரிக்கியா எதிர்க்கியான்னே தெரியல!"

அதிலிருந்து முறையை மாற்றினோம். முதல் வாக்கியத்திலேயே முடிவு. "ஆதரிக்கிறேன்." பிறகு ஒரு காரணம், நிறுத்தம். அவள் சொல்லி முடித்ததும் அடுத்த காரணம். அடைமொழியும் பழமொழியும் அவள் வாயில் போய்ச் சப்பென்று ஆகிவிட்டன. கண்ணால் பார்த்த விவரமும் எண்ணும் அப்படியே முழுசாகப் போய்ச் சேர்ந்தன. ஆங்கிலத்தில் பேசப்போகிறவர்களும் இப்படி ஒருமுறை பயிற்சி செய்தால் நல்லது என்று தோன்றுகிறது.

ஜனவரி 11

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் பயிற்சி. ஐயா சுற்றி வளைக்கவில்லை. "2018 மே 22. நீதான் மாவட்ட ஆட்சியர். என்ன செய்திருப்பாய்?"

எங்கள் ஊரில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை மனப்பாட விடையாக என்னால் சொல்ல முடியாது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னேன்: "அது போராட்டத்தின் நூறாவது நாள். கூட்டம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த தேதி. முந்தின வாரமே ஊர் ஊராகப் போய்ப் பேசியிருப்பேன். அன்றைக்கு அலுவலகத்திலேயே இருந்து, மனு வாங்க ஆட்களை வெளியே நிறுத்தியிருப்பேன்." ஐயா தலையசைத்தார். "யாரையும் திட்டல, யாரையும் காப்பாத்தவும் முயற்சி பண்ணல. இதே நிதானம் இருக்கட்டும்மா."

ஜனவரி 19

அம்மாவோடு அளத்துக்குப் போனேன். மழைக்குப் பிறகு பாத்தி திருத்தும் வேலை நடக்கிறது. உப்புநீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்க்கும் கருவியை மேஸ்திரி காட்டி விளக்கினார். கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி இருக்கும். எங்கள் பக்கம் பெரும்பாலும் கிணற்று உவர்நீர்தான். வெயிலில் ஏற ஏற முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். 25 டிகிரியில் உப்பு பூக்கும். 30-ஐத் தொடும் முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். மூன்று வருடம் வேதியியல் படித்தவளுக்கு இதெல்லாம் தெரியும்தான். இருந்தாலும் மேஸ்திரி வாயால் கேட்டபோது அதைச் சொல்லும் முறை கிடைத்தது.

பிப்ரவரி 6, தில்லி

முடிந்தது. நினைவு கலைவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஷாஜகான் சாலை, தேர்வாணையம் இருக்கும் தோல்பூர் மாளிகை. காலை அமர்வு. கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள், சான்றிதழ் சரிபார்த்தார்கள், பிறகு காத்திருப்பு. எந்தக் குழு என்பது அன்றுதான் தெரியும். அதை முன்கூட்டி ஊகிப்பதில் ஒரு பயனும் இல்லை. குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தேன், கைத்தறிச் சேலை.

தலைவரும் நான்கு உறுப்பினர்களும். வணக்கம் சொன்னேன், உட்காரச் சொன்னார்கள். 'இது குறுக்கு விசாரணை அல்ல, நோக்கமுள்ள இயல்பான உரையாடல்' என்ற பொருளில் தேர்வு அறிவிக்கையில் ஒரு வரி உண்டு. அப்படியேதான் இருந்தது.

உப்பு எப்படி விளைகிறது என்று தலைவர் கேட்டார். மேஸ்திரி சொன்ன வரிசையில், டிகிரி டிகிரியாகச் சொன்னேன். அடுத்தவர்: "ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் உப்பெடுக்கும் முறைக்கும் உங்கள் முறைக்கும் என்ன வேறுபாடு?" "அங்கே ஏரி நீர், எங்களுக்கு நிலத்தடி நீர் என்பது மட்டும் தெரியும் ஐயா. மற்ற விவரம் தெரியாது." ஊகித்து நீட்டவில்லை. அவர் உடனே பூநாரைக்குத் தாவிவிட்டார்.

பெண் உறுப்பினர் ஒருவர் கேட்டதுதான் மனசில் நிற்கிறது: "சார்-ஆட்சியராகப் போனால் உப்பளத்தில் முதலில் என்ன செய்வாய்?"

"கழிப்பறை கட்டுவேன் அம்மா."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் வரை நிறுத்தினேன். "ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் அந்த வெயிலில் தண்ணீரே குடிக்காமல் உப்பு வாருகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். மழைக்காலத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, அது நல்ல உதவி. வேலை இருக்கும் மாதங்களில் உடம்பைக் காப்பாற்றக் கழிப்பறை வேண்டும்."

அவர் முன்னுக்குச் சாய்ந்தார். அளம் தனியார் குத்தகை என்றால் யார் கட்டுவது, தண்ணீர் எங்கிருந்து வரும், யார் பராமரிப்பது என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அங்கே உண்மையிலேயே பேசினோம். அந்தச் சில நிமிடங்களில் அது தேர்வு என்பதே எனக்கு நினைவில் இல்லை.

பிப்ரவரி 9, தூத்துக்குடி

அடுத்த வாரம் தமிழில் நேர்முகம் தரப்போகும் ஒரு தங்கை கேட்டிருந்தாள்: மொழிபெயர்ப்பாளர் பேசும்போது எங்கே பார்ப்பது? கேள்வி கேட்டவரையே பார். உன் பதில் அவரைச் சேரும்போது உன் முகமும் அவருக்குத் தெரிய வேண்டும். கேள்வி ஆங்கிலத்திலேயே புரிந்துவிட்டாலும் தமிழில் வரும்வரை பொறு, அது உனக்கு யோசிக்கக் கிடைத்த நேரம். அசல் சான்றிதழ்களை ஒரே உறையில் வை.

தமிழில் போகிறவர்கள் யாரானாலும், மொழிபெயர்ப்பாளர் இருக்கையில் உட்கார நான் வருகிறேன். மாலை 6 மணிக்கு மேல், எங்கள் வீட்டு மாடியில்.