மூன்றாம் நம்பர்

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் வலி. அதனால்தான் போன டிசம்பரில் கேனரி என்ற சின்னப் பாட்டுப் பறவைகளின் போட்டிக்குக் கூடு தூக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடமாகியும் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அவர் வளர்ப்பது ஹார்ட்ஸர் ரோலர். ஹார்ட்ஸ் மலையில் உள்ள சங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க் என்ற சுரங்க ஊரில் தேறிய இனம். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் வீட்டில் கேனரி வளர்த்து விற்றார்கள். சம்சோன் சுரங்கம் 1910இல் மூடப்பட்டது. இப்போது அந்த வளாகத்திலேயே கேனரிக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

போட்டிக்குப் போவது சேவல்கள், அதாவது ஆண் கேனரிகள் மட்டும். நான்கு பறவை ஒரு அணி. கதவு போட்ட சின்ன மரக் கூடுகளில் இருட்டில் காத்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவர் முன் வைத்துக் கதவைத் திறந்தால், வெளிச்சம் பட்டதும் பாட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் பாடாவிட்டால் புள்ளி இல்லை. வீட்டில் எப்படிப் பாடும் என்ற கதையெல்லாம் எடுபடாது. எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது, பெரியவருக்கு இல்லை.

பறவையின் அழகை யாரும் பார்ப்பதில்லை. நடுவருக்குத் தெரிவது கூட்டின் நம்பர்தான், வளர்த்தவர் யாரென்று தெரியாது. அவர் உட்கார்ந்து உயிரெழுத்தைக் கேட்கிறார், உண்மையாகவே! ‘ஹோல்ரோலெ’ என்ற உருட்டலுக்கு 27 புள்ளி வரை உண்டு. ‘ரூரூரூ’ என்று அடித்தொண்டையில் உருண்டால் உயர்ந்த மதிப்பு. அதுவே ‘ரீ’ பக்கம் ஏறினால் இறங்கிவிடும். ‘ர’ போய் ‘லூலூலூ’ என்று ‘ல’ கேட்டால் அது வேறு உருப்படி, ‘ஹோல்கிளிங்கல்’. சிரிப்பதுபோல் விட்டுவிட்டு வரும் ‘ஹூ ஹூ’வுக்குப் பெயர் ‘ஷொக்கெல்’. இத்தனையும் அலகை அநேகமாக மூடிக்கொண்டே. தொண்டை மட்டும் புடைத்து நடுங்கும். ர, ல சொல்லிக் கொடுத்தே களைத்துப்போன தமிழ்ப் பள்ளி வாத்தியார் நான். அந்த நடுவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நான்கும் ஒரே நேரத்தில் பாடும்போது எது யாருடையது என்று எப்படித்தான் பிரிக்கிறாரோ. தாளில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. நான்கும் இசைந்து பாடினால் அணிக்குத் தனிப் புள்ளி.

எங்கள் அணியில் மூன்றாம் நம்பர் கெடுத்தது. அருமையாக உருட்டிக்கொண்டே வந்து, நடுவில் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு கீறல். நடுவர் தலை நிமிராமல் எதையோ எழுதினார். பெரியவரின் காது சிவந்துவிட்டது.

புள்ளி போனதைவிட அவருக்கு வேறு பயம். குஞ்சுகள் கேட்டுத்தான் பாட்டுப் படிக்கும். நல்ல கிழச் சேவலைப் பக்கத்தில் வைத்துப் பாடம் கொடுப்பது அதற்காகத்தான். கீறலும் அப்படியே தொற்றிவிடும். அன்று இரவே மூன்றாம் நம்பரை என் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது அது எங்கள் குசினியில் இருக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் போதும், தொடங்கிவிடும், கீறலோடு. பெரியவர் வெயில் நாளிலும் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார். இந்த வருடக் குஞ்சுகளுக்குக் கேட்டுவிடுமாம்.