காட்டு நெல்லி: சேர்வராயன் மலைக் குறிப்புகள்

ஜனவரி 6
காட்டு நெல்லியின் மரபு வளத்தை அறிய விதையும் இலையும் சேகரிப்பு. குப்பனூர்ப் பாதைச் சரிவு. காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதிச் சீட்டு கையில் இருந்தால்தான் ஒரு காயாவது பறிக்கலாம். இலக்கு 30 தாய்மரம் (விதை எடுக்கும் மரம்), ஒன்றுக்கொன்று 100 மீட்டராவது தள்ளி. அருகருகே நிற்பவை பெரும்பாலும் ஒரு தாய்ப் பிள்ளைகள். கண் தானாகப் பெருங்காய் மரத்துக்கே போகும். சிறுகாய் மரமும் புல்லுருவி ஏறிய மரமும் கணக்கில் வரவேண்டும். எல்லா மரத்திலும் 20 காய், கூடவும் வேண்டாம்.

ஜனவரி 9
சதை நீக்கிய கொட்டைகள் வெயிலில். மரத்துக்கு ஒரு தட்டு, மேலே கொசுவலை. வலை இல்லாவிட்டால் கொட்டை வெடிக்கையில் விதை அடுத்த தட்டில் போய் விழும். எது எந்தத் தாயின் பிள்ளை என்பதே போய்விடும். ஒரு கொட்டையில் 3 அறை, அறைக்கு 2 விதை. தண்ணீரில் மிதப்பது பொக்கு, உள்ளே பருப்பில்லாத விதை.

மார்ச் 28
இப்போதுதான் இலை. குளிரில் நெல்லி இலையை உதிர்க்கும். பழுத்த இலையில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். துளிரைக் கிள்ளி, அதன் எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு பையில் போடவேண்டும். நீல மணி வெளிறிச் சிவந்தால் அன்றே மாற்றவேண்டும். பையின் அடையாளச் சீட்டில் பென்சில் எழுத்து மட்டும். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.

பெரிய மரத்தோடு நின்றுவிட்டால் ஏமாற்றம்தான். அவை காடு துண்டுபடுவதற்கு முன்பே முளைத்தவை. பழைய வளத்தையே காட்டும். உள்ளினக் கலப்பால், அதாவது நெருங்கிய உறவு மரங்களுக்குள்ளேயே மகரந்தம் கலப்பதால், வரும் வள இழப்பு முதலில் தெரிவது கன்றுகளில். உண்ணிச்செடிப் புதருக்குள் குனிந்து தேடினால், பல இடங்களில் கன்றே இல்லை. அதையும் ‘கன்று 0’ என்று எழுதவேண்டும், கோடு போட்டு விடக்கூடாது.

ஏப்ரல் 4
இலையிலிருந்து பிரித்த டிஎன்ஏ பழுப்பாக வந்தது. நெல்லியின் துவர்ப்புதான் காரணம்: பாலிஃபீனால் ஆக்சிஜனேற்றமடைந்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது, பிசிஆர் (டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) ஓடாது. மறுமுறை செல்லை உடைக்கும் 2% சிடிஏபி கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2%, அரைக்கும் முன்பே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனால். 65 டிகிரியில் ஒரு மணி நேரம். குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) கழுவல் இரண்டு முறை. தெளிந்தது.

ஏப்ரல் 11
அடிவாரத்து நெல்லித் தோப்புகளையும் வரைபடத்தில் குறித்தாயிற்று. என்ஏ-7, பிஎஸ்ஆர்-1 என்ற சாகுபடி ரகங்கள் எல்லாம் ஒட்டுக்கன்று. ஒரு ரகத்தின் ஆயிரம் மரமும் மரபில் ஒரே மரம். தேனீக்குத் தோப்பும் காடும் ஒன்றுதான், தோப்பின் மகரந்தம் காட்டு மரத்திலும் சேரும். ஆகவே தோப்பை ஒட்டிய தாய்மரங்களின் விதை நாற்றங்காலில் தனிப் பாத்தியில்.