தஞ்சைக் கலைக்கூடத்தில் நாங்கள் இருவரும்

தஞ்சாவூர் அரண்மனைக்குள் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலைக்கூடத்திற்குத் திருமணமான புதிதிலிருந்தே நானும் என் மனைவியும் சென்று வருகிறோம். அங்குள்ள எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு எப்போதோ போய்விட்டது. திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகளின் முன் நின்றால் அன்றைய பொழுது அங்கேயே கழிந்துவிடும்.

என் மனம் காளையை வாகனமாகக் கொண்ட சிவனான ரிஷபவாகனரிடம்தான் நிற்கும். காளை இப்போது இல்லை. ஆனால் ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, காளையின் மீது கையைச் சாய்த்து நிற்கும் அந்த நிலையில் எந்தத் தடுமாற்றமும் இல்லாததால், இல்லாத காளையையும் கண் தானாகவே அங்கே நிறுத்திவிடுகிறது. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, அதில் பாம்பையும் இழையவிட்ட சிற்பி, முகத்தில் மட்டும் எதையும் கூட்டாமல் அமைதியை வைத்திருக்கிறார். திருவெண்காட்டுக் கல்வெட்டுகளின்படி இத்திருமேனி இராசராசன் காலத்தில், 1011-இல் எழுந்தருளுவிக்கப்பட்டது. தேவியின் திருமேனி அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது. அந்த ஓராண்டு இடைவெளியை என் மனைவி ஒவ்வொரு முறையும் நினைவுகூர்வாள்.

அவளுக்கு உகந்தது கல்யாணசுந்தரர் தொகுதி. சிவன் பார்வதியின் கையைப் பற்றியிருக்க, திருமால் தாரை வார்க்க, திருமகள் மணப்பெண்ணை மெல்ல முன்னே அனுப்புவது போல அருகில் நிற்கிறாள். "என்னங்க, அந்தத் தலை எவ்வளவு குனிஞ்சிருக்குன்னு பாருங்க. இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருந்தா பயம்னு ஆகியிருக்கும்" என்று அவள் காட்டிய பிறகுதான் அந்த நாணத்தின் அளவு எனக்குப் புரிந்தது. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பின்னர் அந்த மண்ணையே உடைத்து எடுக்கும் முறையில் ஒரு அச்சுக்கு ஒரே திருமேனிதான் கிடைக்கும் என்பதை எண்ணும்போது, அந்தக் கழுத்தின் சாய்வை மெழுகிலேயே தீர்மானித்த கைகளை வணங்கத் தோன்றுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பூவும் விளக்கும் இல்லாமல் சுவாமியைக் கண்ணாடிக்குப் பின்னே பார்ப்பது அவளுக்கு மனவருத்தம். கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய பின் முகம் மட்டுமே தெரியும். இடுப்பின் வளைவும் ஆடையின் மடிப்பும் அரைக்கச்சின் முடிச்சும் இங்கேதான் காணக் கிடைக்கின்றன என்பது என் பதில். அவள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் மேகலையின் தொங்கல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு என்னைவிட நெடுநேரம் நிற்பவள் அவள்தான். தாராசுரத்திலிருந்து வந்த, யானையை அழித்த சிவனான கஜசம்ஹாரரின் கற்சிற்பத்தைப் பார்க்க நான்தான் அவளை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.