இனப்பெருக்கத்தில் வெசிக்கிள்கள்: செமினாருக்கும் நெட் தேர்வுக்கும் நான் படித்த விதம்

மதுரை நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் எம்.எஸ்சி. படிக்கும் ஜூனியர்கள் சிலர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். செல்கள் வெளியே அனுப்பும் நுண்ணிய சவ்வுப் பைகள், அதாவது வெசிக்கிள்கள், இனப்பெருக்கத்தில் என்ன செய்கின்றன என்பது தலைப்பு. இது கைக்கு வந்ததும் எல்லோரும் அளவு அட்டவணையில் போய் விழுகிறார்கள். எக்ஸோசோம் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர், செல்லுக்குள் மல்டிவெசிகுலர் பாடி என்ற, பல சிறு பைகளை அடக்கிய பையில் உருவாகும்; மைக்ரோவெசிக்கிள் செல்சவ்விலிருந்தே பிதுங்கி வரும், 1000 நானோமீட்டர் வரை இருக்கலாம்; அப்போப்டோடிக் பாடி செல் சாகும்போது உடையும் துண்டு. இதற்கு ஒரு மாலை போதும்.

மீதியை நான் ஒரே கேள்வியை வைத்துப் படித்தேன்: இந்தச் செல்லால் தனக்கு வேண்டியதைத் தானே ஏன் தயாரிக்க முடியவில்லை?

விந்தணுவை எடுங்கள். விரையை விட்டு வரும்போது அதன் டிஎன்ஏ புரோட்டமின் என்ற புரதத்தால் இறுகிக் கிடக்கிறது, சைட்டோபிளாசத்தில் பெரும்பகுதியையும் கழற்றிவிட்டு வருகிறது. அடுப்படியைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பியவன் நிலைமைதான். வழியில் யாராவது பொட்டலம் கொடுத்தால் உண்டு. விரையை ஒட்டி விந்தணு முதிர்ச்சி அடையும் குழாயான எபிடிடிமிஸில் அந்தப் பொட்டலம்தான் எபிடிடிமோசோம் என்ற வெசிக்கிள். கால்சியத்தை வெளியே தள்ளும் பிஎம்சிஏ4 என்ற பம்பை விந்தணுவுக்குக் கொடுப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. அந்தப் பம்புக்கான ஜீன் இல்லாத ஆண் சுண்டெலிக்கு விந்தணு சரியாக நீந்தாது, குட்டியும் பிறக்காது. 2016இல் வந்த சுண்டெலி ஆய்வு ஒன்றையும் விடாதீர்கள்: தந்தைக்குப் புரதம் குறைந்த தீனி கொடுத்தால் விந்தணுவில் சில டிஆர்என்ஏ (புரதத் தயாரிப்பில் உதவும் ஆர்என்ஏ) துண்டுகள் கூடுகின்றன, எபிடிடிமோசோமிலிருந்து அத்தகைய துண்டுகள் விந்தணுவுக்குப் போகவும் செய்கின்றன. அப்பா சாப்பிட்டது பிள்ளையை எப்படித் தொடும் என்று தேர்வாளர் கேட்டால் இங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்து புரோஸ்டேட் சுரப்பி தரும் வெசிக்கிளான புரோஸ்டசோம். கொலஸ்ட்ரால் நிறைந்தது, கெபாசிட்டேஷன், அதாவது விந்தணு கருவுறச் செய்யும் திறனைப் பெறும் மாற்றம், முன்கூட்டியே நடந்துவிடாமல் தடுக்க உதவுகிறது. கருப்பையிலும் கருக்குழாயிலும் இதே போன்ற வெசிக்கிள்கள் உண்டு. பெயர்களைப் பார்த்துக்கொண்டால் சரி.

முட்டைப் பக்கம், முட்டை வளரும் பையான ஃபாலிக்கிளின் திரவத்து வெசிக்கிள்களைப் பாருங்கள். பசுவில் அவை முட்டையைச் சூழ்ந்த குமுலஸ் செல்களை விரியச் செய்வது ஆய்வகத்தில் காட்டப்பட்டது. நஞ்சுக்கொடி வெசிக்கிள்களைத் தாயின் ரத்தத்தில் அடையாளம் காண பிஎல்ஏபி என்ற புரதம் உதவும். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடும் ப்ரீஎக்லாம்ப்சியா நோயில் அவற்றின் எண்ணிக்கை கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது நோய்க்குக் காரணமா, விளைவா என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் பேசத் தயாராகப் போங்கள்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உண்மையான சவால் ஆய்வு முறைகளைப் பற்றிய கேள்விகளில்தான். வெசிக்கிள் சவ்வில் காணப்படும் சிடி9, சிடி63, சிடி81 புரதங்கள் இருக்கிறது என்று காட்டினால் போதாது, செல்லுக்குள்ளேயே தங்கும் கால்நெக்ஸின் புரதம் இல்லை என்றும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த செல்லின் குப்பையாக இருக்கலாம். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்தில் தெரியும் கிண்ண வடிவம் உலர்த்துவதால் வருவது. செல் வளர்க்கும் கன்றுக்குட்டி சீரத்திலேயே மாட்டு வெசிக்கிள்கள் இருக்கும், அவற்றை முதலில் நீக்கினீர்களா என்பது என் வெளித்தேர்வாளருக்குப் பிடித்த கேள்வி. சென்ட்ரிஃபியூஜில் 1,00,000 ஜி விசையில் சுற்றி எடுத்ததை எல்லாம் எக்ஸோசோம் என்று சொல்லிவிடாதீர்கள், உருவான இடத்தை நிரூபிக்கச் சொல்வார்கள்.

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கு இவ்வளவு ஆழம் வேண்டாம். லைஃப் சயின்ஸ் சி பகுதியில் 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மார்க், தவறானால் 1 போகும். அதனால் கருவுறுதலையும் செல்லுக்குள் நடக்கும் வெசிக்கிள் போக்குவரத்தையும் சேர்த்து ஒரே வாரத்தில் படியுங்கள். நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க நல்ல வசதி. பழைய வினாத்தாள்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், போனில் பார்த்தால் வாட்ஸ்அப் பக்கம்தான் கை போகும்.