மூக்கு படிக்கும் நாவலைக் கண்ணுக்குத் தருவது

பாட்ரிக் ஸூஸ்கின்ட் 1985இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘பெர்ஃப்யூம்’, அபார மோப்ப சக்தி கொண்ட ஒரு கொலைகாரனின் கதை. வாசனைகளாலேயே நகரும் அந்த நாவலைத் திரையில் எடுக்க முடியாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2006இல் டாம் டைக்வர் எடுத்த படத்தின் மீன் சந்தைக் காட்சி ஒன்றே போதும். சேறு, மீன் குடல், நெளியும் புழுக்கள், அவற்றுக்கு நடுவே குழந்தையாகப் பிறந்து விழும் நாயகன் கிரெனுய். காட்சிகள் வெட்டி வெட்டி வரும் வேகத்தில் நான் உண்மையாகவே மூச்சை அடக்கிக்கொண்டேன். நாற்றத்தைக் காட்ட முடியாது, நாற்றம் பிறக்கும் இடத்தை அத்தனை நெருக்கத்தில் காட்டலாம். டைக்வரும் இரு நண்பர்களும் அமைத்த இசையை பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. பல இடங்களில் அதுதான் வாசனையாகவே பரவுகிறது.

வாசனைத் திரவியம் தயாரிப்பவராக வரும் டஸ்டின் ஹாஃப்மன் ஒரு துளியை முகர்ந்ததும் சுற்றிலும் பூந்தோட்டம் விரியும் காட்சி அழகுதான். ஆனால் அது எனக்கு விளக்கவுரை போலத் தோன்றியது. அவர் முகமே போதுமாக இருந்தது.

2018இல் வந்த ஜெர்மன் தொலைக்காட்சித் தொடர், இந்தக் கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்து கொலை விசாரணை ஆக்கியது. துணிச்சலான முடிவு, மறுக்கவில்லை. எனினும் ஆறு பகுதிகளிலும் நான் தேடியது கிரெனுயின் தனிமையை. நாவலில் அவன் ஏழு ஆண்டுகள் மலைக்குகையில் கிடக்கிறான். தன் உடலுக்கு வாசனையே இல்லை என்பதை அங்கேதான் அறிந்து நடுங்குகிறான். படம் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. நேரம் தாராளமாக இருக்கும் ஒரு தொடர், ஒரு முழுப் பகுதியையே அந்தக் குகைக்குக் கொடுத்திருக்கலாம்.